படம் விழும் வெளிச்சம்

நாலு மணிக்கு வெயில் வந்துவிடும் என்று வேதவல்லி யாரைக் கேட்டுச் சொன்னாளோ தெரியாது, நாலேகால் ஆகியும் வானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தது. கார்த்திகை மாதத்துப் புதுச்சேரியில் வெயிலுக்குக் காத்திருப்பவளுக்கு வேறென்ன கிடைக்கும். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தாவில், மேற்குப் பார்த்த கைப்பிடிச் சுவருக்கு எதிரே கிடந்த இரும்பு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கேமரா. பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு அவள் வீட்டுக்காரர் கலிவரதன், ஆஸ்பத்திரி கொடுத்த பச்சைச் சட்டையில், கீழே வாசலில் ஒரு கார்க்காரன் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுப்பதை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆள், ஊரில் யார் வண்டியைத் திருப்பினாலும் அவர் கால் தானாக ஒரு பிரேக்கைத் தேடும். நாளைக் காலை ஆறு மணிக்கு அவருடைய வலது தாடையை எடுக்கப் போகிறார்கள். அதை நினைக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள், அதற்குள் நினைத்துவிட்டாள். தாடையும், தாடையோடு சேர்ந்த கன்னமும். பிறகு தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் முட்டை மாதிரி ஒரு முகம் வரைந்து, கீழ்ப்பாதியில் சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்த முட்டைக்கு மீசை இல்லை. இவருக்கு மீசை இருக்கிறதே என்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான யோசனை பாருங்கள். அறுவைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஃபிலிமில் மிச்சம் இருப்பதும் ஒன்றுதான், கேமராவின் முதுகில் இருக்கிற சிவப்புக் கண்ணாடிக்குள் பன்னிரண்டு என்ற எண் வந்து நிற்கிறது, அதற்கப்புறம் எண் கிடையாது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முகம் மழிக்க ஆள் வருவார், அதற்கப்புறம் வார்டை விட்டு வெளியே விடமாட்டோம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டாள். இந்தக் கேமராவுக்கு வெயில் இல்லாவிட்டால் கண் தெரியாது. வராந்தாவில் யாரோ துவைத்துப் போட்ட துண்டுகூடக் காலையிலிருந்து காயவில்லை.

கேமரா என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா, லென்ஸும் பிளாஸ்டிக், கையில் எடுத்தால் சோப்பு டப்பா கனம். லென்ஸுக்கு மேலே ஒரு சின்ன விசை, ஒரு பக்கம் தள்ளினால் சூரியப் பொம்மை, இன்னொரு பக்கம் தள்ளினால் மேகப் பொம்மை, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வானிலை. அதுவும் பொய். வாங்கி வந்த புதிதில் ஃபிலிம் போடாமல் பின்மூடியைத் திறந்து ஜன்னலுக்கு எதிரே பிடித்து, விசையை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தவள் வேதவல்லிதான். சூரியன் என்றாலும் அதே ஓட்டை, மேகம் என்றாலும் அதே ஓட்டை. "ஏமாத்திட்டானுங்க" என்று அவள் சொன்னபோது அவர் வாய் முழுக்கத் திறந்து சிரித்தார், அப்போதெல்லாம் அவருக்கு வாய் முழுக்கத் திறக்கும். "ஏமாத்தறதெல்லாம் இல்ல வேதா. நான் என்னா பண்றேன்? ஸ்டீயரிங்க படிக்க வர்றவன் கையில குடுத்துட்டு, பிரேக்க என் காலுகிட்ட வச்சிக்கறேன்ல, அதான் இது. தள்றதுக்கு ஒண்ணு குடுத்துட்டா மனுசன் சும்மா இருப்பான்." ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய துணி, பழைய பூட்டு, பழைய மிக்ஸி மூடிக்கு நடுவில் கிடந்ததை எடுத்து வந்திருந்தார். அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு, ஒன்றுக்கும் உதவாததைக் கண்டால் கை சும்மா இருக்காது. தள்ளுவதற்கு ஒன்று. இந்த நாலு மாதத்தில் அவளுக்குத் தள்ளக் கொடுத்த விசைகள் கொஞ்சமா? மஞ்சள் போட்ட வெந்நீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள், கொப்பளித்தார். காரம் நிறுத்தச் சொன்னார்கள், வீட்டில் மிளகாயே வாங்கவில்லை. கடலூரில் ஒருவர் சூரணம் கொடுத்தார், தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். ஒவ்வொன்றையும் தள்ளும்போது உள்ளே ஏதோ திறக்கிற மாதிரி, மூடுகிற மாதிரி இருந்தது. ஓட்டை ஒரே அளவில்தான் இருந்திருக்கிறது. இதோ இப்போதும் விரல் தன்பாட்டுக்கு அந்த விசையை மேகத்திலிருந்து சூரியனுக்கும் சூரியனிலிருந்து மேகத்துக்கும் தள்ளிக்கொண்டிருக்கிறது, தெரிந்தே தள்ளுகிறது. டக், டக் என்று அது போடும் சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

முதல் ரோல் பன்னிரண்டும் வெறுமை. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருந்தார்கள். பார்க்கிற ஓட்டை வேறு, படம் விழுகிற ஓட்டை வேறு, மூடி போட்டிருந்தாலும் பார்ப்பதற்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். கடற்கரைச் சாலையில் மகள் தாரிணி நின்றது, சுண்ணாம்பாற்றுப் படகு, அவர் சொல்லிக்கொடுத்த ஒரு கன்னியாஸ்திரி முதல் தடவையாகத் தனியாக கார் ஓட்டி வந்து இறங்கியது, எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தார்கள், கேமரா பார்க்கவில்லை. சென்னைக்கு அனுப்பிக் கழுவி வந்தபோது பன்னிரண்டு கட்டமும் கண்ணாடித்தாள் மாதிரி இருந்தது. இரண்டாவது ரோல் அவளால் போனது, முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்மூடியைத் திறந்துவிட்டாள். இப்போது உள்ளே இருப்பது மூன்றாவது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள், இருட்டறையில் தட்டித் தடவி ஃபிலிம் கழுவிய காலத்திலிருந்து அந்த வேலையில் இருக்கிறவள், வெளிச்சத்தில் ஃபிலிமைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயத்தில்தான் அவள் கோட்டை விடுவாள். அவருடைய வாய்க்குள் வெள்ளையாக ஒரு திட்டு இருந்ததும் தெரியும். பல் குச்சி குத்திடுச்சு என்று அவர் சொன்னார், சரி என்றாள். இட்லியை விரல் நுனி அளவுக்குப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார், என்ன திடீர் நாகரிகம் என்று கேலி செய்தாள். சட்டைப் பையில் இருந்த பாக்குப் பொட்டலத்தைத் துவைக்கும்போதெல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்தாள், தூக்கி எறியவில்லை, எடுத்து மேஜைமேல் பத்திரமாக வைத்தாள். ஊரில் உள்ளவன் நெஞ்செலும்பில் மயிரளவு கீறல் இருந்தால் கண்டுபிடிக்கிறவள், ஒரே தட்டில் சாப்பிட்டவரின் கன்னத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற ஓட்டை வேறு என்று இதற்கும் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டால் மட்டும் ஆறிவிடுமா என்ன.

"போன்ல எடுத்துடலாங்க, இப்பவே நல்லாத்தான் இருக்கு" என்றாள் திடீரென்று, வானத்தைப் பார்த்தபடியே. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். இப்போதெல்லாம் அவருக்கு ஒரு விரல்தான் நுழைகிற அளவுக்கு வாய் திறக்கிறது, பேச்சு பல் இடுக்கு வழியாக வரும், அதனால் தேவைக்குத்தான் பேசுவார். முன்பு வளவளவென்று பேசுகிற ஆள். "போன் வேணாம். அதுல வாய்தான் இருக்கு" என்றார். உண்மைதான். அவள் போனைத் திறந்தால் நாலு மாதத்துப் படங்களும் வாய். டார்ச் அடித்து, கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கி, சிவப்பும் வெள்ளையுமாக, தேதி வாரியாக. டாக்டருக்கு அனுப்பியது, இன்னொரு டாக்டருக்கு அனுப்பியது, டாக்டரின் உதவியாளருக்கு மறுபடி தெளிவாக எடுத்து அனுப்பியது. ஒரு நாள் தாரிணி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, அப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா என்றாள். அனுப்பத் தேடினால் ஒன்றில்கூட அப்பா இல்லை. "உன் கையால இந்தக் கேமராவுல ஒண்ணு எடு" என்று முந்தாநாள் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார். "மிச்சம் எத்தினி இருக்குது?" ஒன்று என்றாள். "ஒண்ணு போதும்" என்றார். போதும் என்று அவர் சொன்னது ஃபிலிமைத்தானா என்று இரண்டு நாளாக அவளுக்குச் சந்தேகம். அறுவை மேஜையில் ஆறு மணி நேரம் ஆகும், எட்டும் ஆகலாம், ரத்தம் இரண்டு யூனிட் தயாராக வைத்திருக்கிறோம், இருந்தாலும் எதற்கும் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டாள். எதற்கும் என்ற வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடுகிறது. நல்லபடியாகத் திரும்பி வந்தால் வருகிற முகம் ஒன்று. வராவிட்டால். அவள் கேமராவின் ஓரங்களில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் அழுத்தி அழுத்திச் சரி செய்தாள். டேப் கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் திருட்டுத்தனமாக உள்ளே போய் முகத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு டாக்டர் போட்ட கோடு போகிற வழியிலேயே விழுந்தாலும் விழும். ஏற்கெனவே ஒட்டியிருந்த இடத்திலேயே மறுபடி அழுத்தினாள்.

நல்ல படம் என்றால் எது? அவள் எடுத்ததிலேயே நல்ல படம் ஒன்று இருக்கிறது. ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, பல் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு அவர் அவளுடைய சென்டருக்கே வந்தார், வரிசையில் உட்கார்ந்தார், கூப்பிட்டபோது எழுந்து வந்தார், எல்லாருக்கும் வேடிக்கை. "மேடம், தாடைய கொஞ்சம் படம் எடுக்கணும்" என்றார், அவளும் "பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க" என்றாள், ரிசப்ஷனில் இருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மெஷின் தலையைச் சுற்றிவரும், முழுத் தாடையும் ஒரே படமாக விரிந்து விழும். அதற்கு முன்பல்லால் ஒரு சின்னக் குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவரால் கடிக்க முடியவில்லை. குச்சியை உதட்டில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்க முயன்று, கண்ணில் தண்ணீர் வர, அவளைப் பார்த்தார். அவள் குச்சியை எடுத்துவிட்டு மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னாள். அசையாதீங்க என்றாள். மெஷின் சுற்றியது. திரையில் படம் வலமிருந்து இடமாக வந்தது, அவருடைய இடது தாடை, பற்கள் வரிசையாக, கடைவாய்ப்பல்லில் அவள் நச்சரித்து அடைக்க வைத்த ஓட்டை, முன்பற்கள், பிறகு வலது தாடை. வலது தாடையில் ஓரம் அரித்துப் போயிருந்தது. கரையான் அரித்த சட்டம்கூட இப்படித்தான் இருக்கும். வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அறிக்கை எழுதுகிற டாக்டர் வந்து பார்த்துவிட்டு, யாருடையது என்று தெரியாமல், "நல்லா விழுந்திருக்கு வேதவல்லி, சூப்பர் எக்ஸ்போஷர்" என்றார். அவளுக்கு அந்த ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், பாராட்டினால் வாய் தானாக "தேங்க்ஸ் சார்" என்கிறது. தேங்க்ஸ் சார் என்றாள். கலிவரதன் வெளியே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார், "எப்பிடி, மூஞ்சி நல்லா விழுந்துச்சா?" என்று கேட்டார். விழுந்திருக்கு என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வரைக்கும் வண்டியில் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெயில் வந்துவிட்டது. மேற்கே மேகத்தில் எங்கோ ஓர் இடம் விட்டுப்போய், மஞ்சளாக, சாய்வாக, எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டு, வராந்தாவுக்குள் வந்து, பெஞ்சில் ஏறியது. "வேதா, வெயிலு" என்றார் அவர்தான் முதலில். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார், பச்சைச் சட்டையின் கழுத்தை இழுத்துச் சரி செய்தார், மீசையை இரண்டு பக்கமும் விரலால் நீவினார். அவள் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றாள். மூடி கழற்றியாயிற்று, தொட்டே பார்த்தாள். விசை சூரியனில். தூரத்துக்கு என்று லென்ஸைச் சுற்றி நாலு பொம்மை, ஒற்றை ஆள், மூணு ஆள், கூட்டம், மலை, அதில் ஒற்றை ஆளுக்குத் திருப்பினாள். அவர் இடது பக்கத்தைக் காட்டி நிற்பார் என்று எதிர்பார்த்தாள். கல்யாண வீடுகளில் இந்த நாலு மாதமாக அப்படித்தான் நிற்கிறார், பஸ்ஸில்கூட வலது கன்னம் ஜன்னல் பக்கம் இருக்கிற மாதிரி இடம் பார்த்துத்தான் உட்காருகிறார். இப்போது அப்படி நிற்கவில்லை. நேராக நின்றார். கேமராவின் சின்ன ஓட்டைக்குள் அவர் முகம் கட்டைவிரல் அளவில், எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று, முழு வெயிலில் இருந்தது. அப்போதுதான் வலது கன்னத்துத் தோல் இழுத்துக்கொண்டு மினுங்குவதையும், மீசை ஒரு பக்கம் மேலேறி இருப்பதையும், காதுக்குக் கீழே இன்னொரு சின்ன வீக்கம் இருப்பதையும் அவள் பார்த்தாள். போன வாரம் அது இல்லை. இருந்ததோ. நல்ல வெளிச்சம் எதையும் மிச்சம் வைக்காது, அவளைவிட அது யாருக்குத் தெரியும். இது விழுந்தால் விழுந்ததுதான், இந்த முகம்தான் தாரிணி வீட்டுச் சுவரில் இருக்கப் போகிறது, மாலையோடோ மாலை இல்லாமலோ. இரண்டாவது வீக்கத்தோடு. மினுக்கத்தோடு. அழுத்து என்றாள் தனக்கு. அழுத்தேன்டி. விரல் விசைமேல் இருந்தது, விசை கொஞ்சம் இறங்கக்கூட இறங்கியது. ஆடி மாதத்தில் அவள் அழுத்தியதுதானே எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம், அழுத்தாமல் இருந்திருந்தால் அந்த ஓரம் அரிக்காமலே இருந்திருக்கும் என்று, படித்தவள் நினைக்கிற நினைப்பா இது. அவள் கண்ணை ஓட்டையிலிருந்து எடுக்காமலே நின்றாள். ஓட்டைக்குள் முகம் மெல்ல மங்கியது. முதுகில் இருந்த சூடு போய்விட்டது.

"எடுத்தியா?" என்றார். "இல்லீங்க. மேகம் வந்துடுச்சு" என்றாள். "இப்பத்தான வந்துச்சு. வெயிலு ரெண்டு நிமிசம் இருந்துச்சு" என்றார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, வலது கன்னத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், வலி வந்தால் அப்படித்தான் வைத்துக்கொள்வார். கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, "அன்னிக்கு மெசின்ல டக்குனு எடுத்துட்ட" என்றார். "அன்னிக்கு நீங்க பேஷண்ட்டு" என்றாள் அவள். "இன்னிக்கு?" என்றார். அவருக்குக் கோபம் இல்லை, கோபப்பட்டால் தாடை வலிக்கும் என்பதால் அதையும் விட்டுவிட்டார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம். மாணவர்களைத் திட்டுகிற மாதிரி, கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு, கண்ணு என்னாத்துக்கு இருக்குது என்று ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டியிருக்கலாம். அவள் மேற்கைப் பார்த்தாள். இனி வெயில் இல்லை, அங்கே ஒரு சாம்பல் நிறம் கீழே வரைக்கும் இறங்கிவிட்டது. கோழை. வேறென்ன சொல்வது. கடவுள் இரண்டு நிமிஷம் விளக்குப் பிடித்தார், இவள் நின்று வேடிக்கை பார்த்தாள். ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. வார்டுக்குள் குழல் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது, சாப்பாட்டு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. நாளையிலிருந்து அவருக்கு மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி. கஞ்சியில் உப்பு இருக்கிறதா என்று யாரைக் கேட்பது. எட்டிப் பார்த்த சிஸ்டர், "அக்கா, இன்னும் உள்ள வரலியா? ஷேவிங் பண்றவரு கீழ வார்டுல இருக்காரு, அடுத்து நம்ப வார்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் எழுந்தாள். ஒரு வழி இருக்கிறது, அவள் இதுவரை தொடாத வழி. லென்ஸுக்கு அடியில் இன்னொரு விசை உண்டு, அது பொய் இல்லை. அதைத் தள்ளிவிட்டால் விரல் அழுத்தியிருக்கிற வரைக்கும் ஓட்டை திறந்தே இருக்கும், இருக்கிற கொஞ்சம் வெளிச்சமும் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்ச் சேரும். ஆனால் கை அசையக் கூடாது. எதிரே நிற்கிறவரும் அசையக் கூடாது.

அடி விசையைத் தள்ளிவிட்டு, கைப்பிடிச் சுவர்மேல் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் கேமராவை வைத்தாள். அவரைச் சுவருக்கு எதிரே, வராந்தாவின் உள்பக்கத்தில், அவள் சொன்ன ஓடுமேல் நிற்க வைத்தாள். நின்றார். கணக்குப் போட்டாள், இந்த வெளிச்சத்துக்கு ஒன்று போதாது, இரண்டு எண்ண வேண்டும். சுவர்மேல் இருக்கிற கேமராவுக்குப் பின்னால் வெறும் ஆகாயம், ஓட்டையில் குனிந்து பார்க்கவும் முடியாது, உத்தேசமாகத் திருப்பிவிட்டு விரலை மட்டும் அழுத்துகிற விசையில் வைத்து நிமிர்ந்து நின்றாள். எனவே இப்போது அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. டார்ச் இல்லை, திரை இல்லை, கண்ணாடி இல்லை. இரண்டு ஆள் தூரத்தில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார், கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, பயம் அவற்றில் அப்பட்டமாக இருந்தது. இவருக்கும் பயமா. நாலு மாதமாகத் தனக்கு மட்டும் என்று அவள் எடுத்து வைத்துக்கொண்டிருந்த பயம். என்னமோ சொல்ல வேண்டும் என்று இருந்தது, பயப்படாதீங்க என்றோ, நான் இருக்கேன் என்றோ, மன்னிச்சிடுங்க என்றோ. வாய் வேறு ஒன்றைச் சொல்லிற்று. இருபத்திரண்டு வருஷமாக, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை சொன்னது, யோசிக்காமலே வந்துவிட்டது. "மூச்ச நல்லா இழுங்க. புடிங்க."

அவர் இழுத்தார், பிடித்தார். கன்னத்தில் பிடித்தார். எக்ஸ்ரேக்கு வருகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் இப்படித்தான், மூச்சைப் பிடி என்றால் நெஞ்சில் பிடிக்காமல் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார்கள், "கன்னத்துல இல்லீங்க, நெஞ்சுல" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை காய்ந்திருக்கிறது. எக்ஸ்ரேக்காரியோடு இருபத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவர், அவரும் அப்படியே செய்தார். திருத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இடது கன்னம் உப்பி உப்பி வலது கன்னத்தின் அளவுக்கு வந்து நின்றது. மீசை இரண்டு பக்கமும் சமமாக ஏறியது. இருட்டப்போகிற வெளிச்சத்தில் மினுக்கம் இல்லை, கோடு இல்லை, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற ஆளின் முழு முகம். அவள் அழுத்தினாள். ஒன்று. இரண்டு. இரண்டோடு எடுத்திருக்க வேண்டும். மூன்று எண்ணினாள், நான்கு எண்ணினாள், வெளிச்சம் கூடிப்போகும் என்று தெரிந்தே ஐந்தும் எண்ணினாள். விரலை எடுத்தாள். உள்ளே சின்னதாக ஒரு சத்தம், மூடிக்கொண்டது. இப்போது அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லாமல் அவள் யாரையும் அனுப்பியதே இல்லை. நாக்கு எழவில்லை. சொன்னால் முடிந்துவிடும். அவர் அசையவில்லை, உத்தரவுக்குக் காத்திருந்தார், யார் சொல்லுக்கும் கட்டுப்படாத மனுஷன், கண்ணை அவள்மேலேயே வைத்து, முகம் சிவந்து, கண்ணோரத்தில் தண்ணீர் கோத்துக்கொள்ள, இரண்டு கன்னமும் ஒன்றாக இருக்க நின்றார். இன்னும் கொஞ்சம் என்று அவள் வேண்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். உள்ளே வார்டில் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மூச்சு உடைந்து வெளியே வந்தது. இருமினார், சுவரைப் பிடித்துக்கொண்டார். இடது கன்னம் இறங்கியது. வலது கன்னம் அப்படியே இருந்தது.

"விடலாம்னு நீ சொல்லவே இல்லியே" என்றார்.